ஒகேனக்கல் தவிர தர்மபுரியில் பார்க்கவும் சாப்பிடவும் என்ன இருக்கிறது?

கல்யாணத்துக்கு வருகிறேன், அடுத்த நாள் பகல் முழுக்கக் கையில் இருக்கிறது, ஒகேனக்கல் ஏற்கெனவே பார்த்தாயிற்று, ஊருக்குள் ஏதாவது உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். பேருந்து நிலையம் பக்கம்தான் அறை போட்டுக் கொடுத்திருப்பார்கள், சொந்த வண்டி இருக்காது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

இதே கேள்வியை, கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில், ஒருவர் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து என் அப்பாவிடம் கேட்டார். 2015ல் அக்காவுக்குச் சம்பந்தம் பேச மாப்பிள்ளை வீட்டார் கும்பகோணத்திலிருந்து வந்திருந்தார்கள். கேட்டவர் மாப்பிள்ளையின் தாய்மாமா, ஓய்வுபெற்ற தமிழாசிரியர். சாப்பிட்டுவிட்டு வெற்றிலை மடித்துக்கொண்டே, "ஒகேனக்கல்லை எடுத்துட்டா உங்க ஊர்ல வேற என்னங்க இருக்கு?" என்றார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. நல்ல மனிதர். ஆனால் அப்பா, "அப்படி ஒண்ணும் பெரிசா இல்லீங்க" என்று சொல்லிவிட்டார். அவர் கேட்டதைவிட அப்பா சொன்னதுதான் எனக்குச் சுட்டது.

மறுநாள் எல்லோரும் ஒகேனக்கல் கிளம்பினார்கள். மாமாவுக்கு முழங்கால் வலி, பரிசலில் ஏறி இறங்க முடியாது என்று வீட்டிலேயே தங்கிவிட்டார். "வாங்க மாமா, ஊரைச் சுத்திக் காட்டறேன்" என்று பைக்கில் ஏற்றிக்கொண்டேன். நான் அன்றைக்குப் போன வழியையே உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் கோட்டைக் கோயில். மல்லிகார்ஜுனேஸ்வரர், காமாட்சி அம்மன். ஆட்டோ பிடித்தால் சீக்கிரம் போய்விடலாம். உச்சி வேளையில் நடை சாத்திவிடுவார்கள், அதனால் காலையிலேயே போய்விடுங்கள். ஊர்க்காரர்கள் முதலில் தொங்கும் தூணைத்தான் காட்டுவார்கள். தரையில் முழுதாகப் படியாத தூண், அடியில் துணியை விட்டு இழுத்துக் காட்டுவார்கள். அதையும் பாருங்கள், ஆனால் அதோடு திரும்பிவிடாதீர்கள். அம்மன் சன்னதியின் அடித்தளத்தில் ராமாயணக் காட்சிகளைச் சின்னச் சின்னதாகச் செதுக்கியிருக்கிறார்கள். நின்றபடி பார்த்தால் வெறும் கல் வரிசை மாதிரிதான் தெரியும். குனிந்தால்தான் வில் தெரியும், வால் தெரியும், மனிதர்கள் தெரிவார்கள். சோழர் கோயில்களுக்கு நடுவிலேயே பிறந்து வளர்ந்த மனிதர், முழங்கால் வலியோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். விரலால் தொடாமல், கல்லுக்கு ஒரு அங்குலம் தள்ளி விரலை ஓட்டிக்கொண்டே கதையைத் தனக்குள் சொல்லிக்கொண்டு போனார். "இது சோழர் வேலை இல்லையே தம்பி" என்றார். இந்த ஊரை நுளம்பர்கள் ஆண்டார்கள் என்று எனக்குத் தெரிந்த அளவுக்குச் சொன்னேன்.

அடுத்தது தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம். அரசு விடுமுறை நாளா என்று பார்த்துக்கொண்டு போங்கள். கூட்டம் இருக்காது. அங்கே நடுகற்கள் இருக்கின்றன. ஊர் மாடுகளைக் கவர்ந்துபோக வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தவனுக்கு ஊர் நட்ட கல். கையில் ஆயுதத்தோடு ஆள் உருவம், மேலே எழுத்து. மாமா ஒரு கல்லின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். பிறகு, "முப்பது வருஷம் அதியமானை நடத்தியிருக்கேன், ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்ததை நடத்தியிருக்கேன், தகடூர்னு கரும்பலகையில எழுதியிருக்கேன். அது இந்த ஊருதான்னு தெரியும். ஆனா இங்க வந்து இறங்கினப்போ எனக்கு அந்த நினைப்பே வரலையே" என்றார். நான் ஒன்றும் பதில் சொல்லவில்லை.

நேரம் இருந்தால் அதியமான்கோட்டை. சேலம் சாலையில் ஏழெட்டுக் கிலோமீட்டர், நகரப் பேருந்து உண்டு. அங்கே காலபைரவர் கோயில் இருக்கிறது. தேய்பிறை அஷ்டமியாக இருந்தால் பூசணிக்காய் விளக்கும் கூட்டமுமாக நிற்க இடம் இருக்காது, வேண்டுதல் இருந்தால் மட்டும் அன்றைக்குப் போங்கள். அங்கேயே சென்றாயப் பெருமாள் கோயில் இருக்கிறது, பழைய ஓவியங்கள். பைரவர் கோயிலுக்கு வரும் கூட்டத்தில் பாதிப் பேர் இதை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

தீர்த்தமலை, பாப்பாரப்பட்டி, வத்தல்மலை எல்லாம் ஏன் சொல்லவில்லை என்று நம் மாவட்டத்துக்காரர்கள் கேட்பீர்கள். தெரியும். பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவா கடைசி நாள்களைக் கழித்து 1925ல் இறந்தார், அவர் நினைவிடம் பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் கேட்டவருக்கு ஒரு பகல்தான் இருக்கிறது. கிருஷ்ணகிரி அணையில் மீன் வறுவல் சாப்பிடச் சொல்லுங்கள் என்பார்கள். அதுவும் நல்ல யோசனைதான், 2004 வரை எல்லாம் ஒரே மாவட்டம்தானே. அந்தப் பக்கமாக ஊர் திரும்புவதாக இருந்தால் காவேரிப்பட்டணத்தில் நிப்பட்டு (நம் தட்டை மாதிரி) வாங்கிக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். பிரியாணியும் பரோட்டாவும் உங்கள் ஊரிலேயே கிடைக்கும். இங்கே வந்தால் ராகிக் களி சாப்பிடுங்கள். கடைப் பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் விளம்பரம் என்பார்கள். பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் மதியம் "களி ரெடி" என்று சிலேட்டில் எழுதித் தொங்கவிட்டிருக்கும் சின்ன மெஸ் ஏதாவது கண்ணில் படும். இல்லாவிட்டால் ஆட்டோக்காரரிடம் "நீங்க எங்கண்ணா சாப்பிடுவீங்க?" என்று கேளுங்கள், கொண்டுபோய் விடுவார்.

மாமாவை நான் கூட்டிப்போன இடத்தில் நாலு பெஞ்சுதான். பின்னால் அந்த அம்மா களி கிண்டிக்கொண்டிருந்தார். நொய் வெந்து குழைந்ததும் மாவை நடுவில் கொட்டிக் கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவிட்டார். பிறகு பானையைக் கீழே இறக்கி, பழந்துணியைச் சுற்றிக் காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் கட்டையைப் பிடித்துக் கிண்டினார். கட்டி தட்டக்கூடாது, அடி பிடிக்கவும் கூடாது. தண்ணீர் தொட்ட தட்டில் போட்டு உருட்டினால் பளபளவென்று உருண்டை. நடுவில் குழி பறித்து அதில் கருவாட்டுக் குழம்பு ஊற்றினார். கீரைக் கடைசலும் இருந்தது. மாமா ஒரு வாய் எடுத்து மென்றார். பல்லில் ஒட்டிக்கொண்டது. அந்த அம்மா பார்த்துவிட்டு, "மெல்லாதீங்க சாமி, குழம்புல தோய்ச்சு அப்படியே முழுங்குங்க" என்றார். இரண்டாவது வாயில் பிடிபட்டுவிட்டது. இரண்டாவது உருண்டையும் வாங்கிச் சாப்பிட்டார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் வீட்டில் தினமும் களிதான். நெல்லுச் சோறு பண்டிகைக்கும் விருந்தாளிக்கும். விருந்தாளி வரும் சத்தம் கேட்டால் அம்மா களிப் பானையைத் தட்டு போட்டு மூடி மூலையில் தள்ளிவிடுவார். மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்றும் அப்படித்தான். கடன் வாங்கிப் பாசுமதி அரிசியில் புலாவ் செய்தோம். அப்பா "ஒண்ணும் பெரிசா இல்லீங்க" என்று சொன்னதும் இதுவும் ஒன்றுதான் என்று எனக்குப் பட்டது.

கேட்டதற்குச் சம்பந்தமில்லாத இன்னொன்று, ஆனால் ஒகேனக்கல் என்ற பேச்சு வந்ததால் சொல்கிறேன். எங்கள் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளில் ஃபுளோரைடு அதிகம். அதைக் குடித்து வளர்ந்த என் வயதுக்காரர்கள் பல பேருக்குப் பல்லில் பழுப்புக் கறை இருக்கும். தேய்த்தால் போகாது. சென்னையில் முதல் வேலைக்கான நேர்காணலில் ஒருவர், "பாக்குப் பழக்கம் உண்டா?" என்று கேட்டார். இல்லை, தண்ணீர் அப்படி என்றேன். நம்பவில்லை. அன்றிலிருந்து பல வருஷம் வாயை மூடியே சிரித்தேன். 2013ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது. உங்களுக்கெல்லாம் ஒகேனக்கல் அருவி. எனக்கு அது குழாயில் வரும் தண்ணீர். என் மகள் அதற்கப்புறம் பிறந்தவள். அவள் பல் வெள்ளையாக இருக்கிறது. சுற்றுலாக் கேள்விக்கு இதெல்லாம் எதற்கு என்று யாராவது எழுதுவார்கள், எழுதட்டும்.

அன்று சாயங்காலம் ஒகேனக்கல் போனவர்கள் திரும்பி வருவதற்குள் நாங்கள் வீட்டுக்கு வந்துவிட்டோம். அம்மா ராத்திரிக்கு ரவா தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தார். மாமா அடுப்படி வாசலில் நின்று, "அம்மா, தப்பா நினைக்காதீங்க, உங்க வீட்டுல களி கிண்டுவீங்களா?" என்று கேட்டார். அம்மா என்னைத் திரும்பி முறைத்தார், நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று நினைத்து. பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மூலையில் இருந்த பானையை எடுத்தார்.

நீங்கள் மெஸ்ஸுக்குப் போவதாக இருந்தால் ஒரு மணிக்குள் போய்விடுங்கள். அதற்கு மேல் சோறு இருக்கும், களி தீர்ந்துவிடும்.