கப்பல் மரமும் சதுரக் குழியும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். மகன் லண்டனில் வேலை பார்க்கிறான். போன மாதம் அவனோடு சசெக்ஸ் கரையோரம் ரை என்ற சின்ன ஊருக்குப் போயிருந்தேன். அங்கே மெர்மெய்ட் இன் என்று ஒரு பழைய சத்திரம். 1420இல் திரும்பக் கட்டப்பட்டது என்று வாசலில் எழுதியிருக்கிறது. உள்ளே ஒரு உத்தரமாவது நேராக இருக்க வேண்டுமே! தரையில் நடந்தால் ஒரு பக்கமாகச் சரிகிறது. மரங்களில் ஆங்காங்கே சதுரச் சதுரமாகக் குழிகள், எதற்கென்றே தெரியவில்லை. பக்கத்து மேசைக்காரர், இதெல்லாம் பழைய கப்பல்களைப் பிரித்தெடுத்த மரம் என்றார். உண்மையா? 1420 என்பதை நம்பலாமா? இவ்வளவு வசதியுள்ள நாட்டில் ஏன் இதை நிமிர்த்தாமல் வைத்திருக்கிறார்கள்?

அன்புடன்,
ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள அம்மா,

வணக்கம். அந்த ஊரில், அந்தப் பெரிய கணப்புக்கு எதிரில் உட்காருகிறவர்களில் அண்ணாந்து உத்தரத்தைப் பார்ப்பவர்கள் குறைவு. நீங்கள் குழிகளைப் பார்த்திருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அந்தக் குழிகளிலேயே இருக்கிறது.

கப்பல் கதையை இங்கிலாந்து முழுக்கச் சொல்வார்கள். மாட்டுவண்டியில் கிளம்பினால் கடல் வர நாலு நாள் ஆகும் ஊர்களில்கூட, ‘எங்கள் பப் (ஊர் மதுக்கடை) கப்பல் மரத்தில் கட்டியது’ என்பார்கள். ரை துறைமுக ஊர். அங்கே ஒன்றிரண்டு கப்பல் கட்டைகள் வீடுகளுக்குள் வந்திருக்கலாம், மறுக்க மாட்டேன். ஆனால் கப்பலின் விலா மரத்தில் வெளிப்பலகைகளைப் பிடித்த உருண்டை ஆணித் துளைகள்தான் வரிசையாக இருக்கும். நீங்கள் பார்த்த சதுரக் குழி வீடு கட்டும் தச்சனின் வேலை. இன்னொரு மரத்தின் கழுந்து, அதாவது முனையில் செதுக்கிய நாக்கு, வந்து உட்கார்ந்த துளை அது. குழிக்குப் பக்கத்திலேயே, மரத்தின் பக்கவாட்டில், விரல் நுழைகிற அளவுக்கு ஒரு வட்டத் துளையும் இருந்திருக்கும். அதில்தான் மர ஆணி இறங்கும்.

அந்த ஆணியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் பிடித்த விஷயம். உத்தரத்தில் போட்ட துளையும் கழுந்தில் போட்ட துளையும் நேருக்கு நேர் வராது. வேண்டுமென்றேதான் நூலளவு தள்ளிப் போட்டிருப்பார்கள். அந்த நாட்டின் உறுதியான மரமான ஓக்கில் செய்த ஆணியை அடித்து இறக்கும்போது அது கொஞ்சம் வளைந்து, கழுந்தை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். சட்டகம் முழுக்க இப்படித்தான், இரும்பு தேவையில்லை. ஐந்நூறு ஆண்டுகளாக அந்தப் பிடி விடவில்லை.

சரி, குழி ஏன் காலியாக இருக்கிறது? இரண்டு காரணம் இருக்க முடியும். உத்தரத்தின் அடியில் ஒரே இடைவெளியில் வரிசையாகக் குழிகள் இருந்தால், அங்கே முன்பு ஒரு மரத்தடுப்புச் சுவர் நின்றது, பிறகு எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். நீங்கள் உட்கார்ந்த அறை ஒரு காலத்தில் இரண்டு அறை. குழிகள் தாறுமாறாக, அர்த்தமில்லாத பக்கங்களில் இருந்தால், அந்த மரமே வேறொரு வீட்டிலிருந்து வந்தது. நல்ல ஓக் மரத்தை அந்தக் காலத்தில் யாரும் வீணாக்கியதில்லை. ஒரு வீட்டைப் பிரித்தால் அதன் உத்தரம் அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

நிஜமாகவே கப்பல் மரத்தில் கட்டியதைப் பார்க்க ஆசையென்றால், மகனோடு லண்டன் லிபர்ட்டி கடைக்குப் போய் வாருங்கள். ட்யூடர் காலத்து, அதாவது 16ஆம் நூற்றாண்டு வாக்கிலான, வீடு போலவே இருக்கும், ஆனால் கட்டியது 1924இல். எச்.எம்.எஸ். இம்ப்ரெக்னபிள், எச்.எம்.எஸ். ஹிந்துஸ்தான் என்ற இரண்டு போர்க்கப்பல்களைப் பிரித்த மரம். நம் நாட்டின் பெயர் தாங்கிய கப்பலின் மரத்துக்கு நடுவே இன்றைக்குத் துணி விற்கிறார்கள். எனக்கு அந்தக் கடைக்குள் நுழையும்போதெல்லாம் கொஞ்சம் மனம் கனக்கும்.

கோணலுக்கு வருகிறேன். பலரும் நினைப்பதுபோல் அது வயதானதால் மட்டும் வந்ததில்லை. காய்ந்த ஓக் இரும்பு மாதிரி, உளி இறங்காது. அதனால் வெட்டிய கொஞ்ச நாளிலேயே, பச்சையாக இருக்கும்போதே, கோடாலியால் சதுரித்து, துளை போட்டு, வீட்டை எழுப்பிவிடுவார்கள். மரம் காய்வதெல்லாம் அதற்கப்புறம், வீட்டில் ஆட்கள் குடியேறிய பிறகுதான். தடித்த உத்தரம் உள்வரை காய்வதற்குப் பல ஆண்டுகள் ஆகும். மரம் நீளவாக்கில் சுருங்காது, குறுக்குவாக்கில்தான் சுருங்கும். அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லை. அதனால் முறுக்கிக்கொள்ளும், நெளியும், நீளமாக வெடிப்பு விடும். அந்த வெடிப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. வீட்டைக் கட்டிய தச்சனின் காலத்திலேயே அந்தக் கோணலில் பாதி வந்திருக்கும். மீதி, மண் இறங்கியதாலும், பிற்காலத்தில் எவரோ கதவு வைக்கத் தாங்குகட்டையை அறுத்ததாலும் வந்தது.

அடுத்த முறை போனால் ஒன்று செய்யுங்கள். தூணும் குறுக்குச் சட்டமும் சேரும் இடத்தில் கைபேசி விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். மரத்தில் கீறிய ரோம எண்கள் தெரியலாம். நாலு என்பதை நாலு கோடாகவே கீறியிருப்பார்கள். ஒரு சுவருக்கான மரங்களையெல்லாம் முதலில் பட்டறைத் தரையில் கிடத்தி, ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தே இணைப்புகளை வெட்டுவார்கள். மரங்கள் இயல்பிலேயே நெளிவானவை, ஒரு கழுந்து அதற்கென்று வெட்டிய துளையில் மட்டும்தான் சேரும். பிரித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்த் திரும்ப மாட்டும்போது எது எதோடு என்று குழம்பாமலிருக்க அந்த எண்கள். முதன்முறை அதை விரலால் தடவியபோது, கீறியவன் சற்றுமுன்தான் எழுந்து போனான் என்றிருந்தது எனக்கு.

1420 விஷயம். 1377இல் பிரெஞ்சுக்காரர்கள் வந்து ரை ஊரையே எரித்துவிட்டார்கள். அதனால் 1420இல் திரும்பக் கட்டியது என்பது பொருந்தாத கதை இல்லை. சத்திரத்தின் கீழே இருக்கும் கல் நிலவறை மேலே உள்ள வீட்டைவிடப் பழையது. மேலே நிற்பதில் பெரும்பகுதி 15, 16ஆம் நூற்றாண்டு வேலை. பலகையில் உள்ள ஆண்டைவிட, மரத்துக்குள் ஆண்டுக்கு ஒன்றாக வளரும் வளையங்களைத்தான் நான் நம்புவேன். பட்டை ஒட்டிய விளிம்புவரை கிடைத்து, வளைய வரிசையும் காலம் தெரிந்த மரங்களின் வரிசையோடு பொருந்திவந்தால், மரம் வெட்டப்பட்ட ஆண்டையே சொல்லிவிடுகிறார்கள். பப்களுக்கு வயதைக் கூட்டிச் சொல்வதில் அங்கே பெரிய போட்டியே உண்டு. நாட்டிங்ஹாமில் ஒரு பப்பின் சுவரில் 1189 என்று பெரிதாக எழுதியிருக்கும். இப்போது நிற்கும் கட்டடமோ 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

கடத்தல்காரர்கள் கதையை அங்கேயே கேட்டிருப்பீர்கள். 1740களில் ஹாக்ஹர்ஸ்ட் கும்பல் அந்தச் சத்திரத்தில் துப்பாக்கிகளை மேசைமேல் வைத்துக்கொண்டு குடித்ததாகச் சொல்வார்கள். அவர்கள் கடத்தியதில் முக்கியமானது தேயிலை! வரி அவ்வளவு. 1784இல் அதை 119 சதவீதத்திலிருந்து 12.5 ஆகக் குறைத்த பிறகுதான் தேயிலைக் கடத்தல் படுத்தது. கும்பலின் தலைவன் தாமஸ் கிங்ஸ்மில் அதற்கு வெகு முன்பே, 1749இல், தூக்கிலேறிவிட்டான்.

கடைசிக் கேள்வி, ஏன் நிமிர்த்தவில்லை? நிமிர்த்தினால் செத்துவிடும், அம்மா. நூறு ஆணிகளும் அந்தக் கோணலுக்குப் பழகி உட்கார்ந்திருக்கின்றன. ஒரு தூணை நேராக்கினால் பத்து இணைப்பு முறியும். இப்படிப்பட்ட கட்டடங்களைச் சட்டமும் பாதுகாக்கிறது. உண்மையான ஆபத்து சிமெண்டிலிருந்து வந்தது. சட்டங்களுக்கு நடுவே இருப்பது குச்சிப் பின்னலின்மேல் களிமண், சாணம், வைக்கோல் குழைத்துப் பூசிய சுவர், அதன்மேல் சுண்ணாம்பு. அது ஈரத்தை வாங்கும், வெளியேயும் விடும். 20ஆம் நூற்றாண்டில் பல வீடுகளில் இதைச் சிமெண்டால் மூடினார்கள். இடுக்கில் இறங்கிய மழை வெளியே போக வழியில்லாமல் அடிச்சட்டத்தை அழுக வைத்தது. ஐந்நூறு ஆண்டு நின்ற மரம் ஐம்பது ஆண்டில் கையில் உதிர்வதைப் பார்த்திருக்கிறேன். தாங்க முடியவில்லை. நீங்கள் அங்கே பல ஊர்களில் பார்த்திருக்கும் கறுப்பு வெள்ளை அலங்காரமும் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு ஆசைதான். அதற்கு முன்பு ஓக் தன்பாட்டில் சாம்பல் நிறமாக வெளுத்திருக்கும், அல்லது சுவரோடு சேர்த்து மரத்துக்கும் சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள்.

வில்லியம் மாரிஸ் என்ற ஆங்கிலக் கவிஞர், வடிவமைப்பாளர் 1877இல் பழைய கட்டடங்களைக் காக்க ஒரு சங்கம் தொடங்கினார். பழையதைப் புதிதாக்காதே, பழுது மட்டும் பார் என்பது அவர்கள் வழி. தூணின் அடி அழுகினால் அழுகியதை மட்டும் அறுத்துவிட்டு, புது ஓக்கைச் சாய்வாக வெட்டி ஒட்டுப்போடுவார்கள். புதுத்துண்டு வெளுப்பாகத் தெரியும், அதை மறைக்கவும் மாட்டார்கள்.

நீங்கள் எடுத்த படங்களில் அந்தக் குழிகள் விழுந்திருந்தால் அனுப்புங்கள். எத்தனை இருந்தன, ஒன்றுக்கொன்று எத்தனை சாண் இடைவெளி என்று ஞாபகமிருந்தாலும் எழுதுங்கள். உங்கள் தலைக்கு மேலே இருந்தது போன சுவரா, வேறு வீட்டு மரமா என்று பார்த்துவிடலாம்.