சிஸ்டரிடம் கேட்டவை: குடிசைப் பகுதியில் தண்ணீர், காற்று, காய்ச்சல்

சென்னையில் நகர்ப்புற சுகாதார நிலையங்களில் 27 வருடம் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அதில் பெரும்பகுதி வடசென்னையில் போனது. குடிசைப் பகுதிகளில் வரும் நோய்கள் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், நிறைய கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். மருந்து அளவு கேட்டவர்கள் மன்னிக்கவும், ஆளை நேரில் பார்க்காமல் அதைச் சொல்லக் கூடாது.

வியாசர்பாடியிலிருந்து ஒரு தாய்: சிஸ்டர், எங்கள் தெருவில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் விடுகிறார்கள். முதல் பத்து நிமிடம் சாக்கடை நாற்றம், அப்புறம் தெளிந்துவிடுகிறது. தெளிந்த பிறகு பிடித்துக் குடிக்கலாமா? சின்னவனுக்கு மூன்று மாதத்தில் இரண்டு தடவை பேதி.

அப்படியே குடிக்க வேண்டாம் அம்மா. கண்ணுக்குத் தெளிந்துவிட்டது, அவ்வளவுதான். கிருமி போயிருக்காது.

ஏன் இப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் யாரிடம் எப்படிக் கேட்பது என்பதும் தெரியும். தண்ணீர் விடாத நேரத்தில் குழாய் அழுத்தமில்லாமல் கிடக்கிறது. நம் குறுகல் தெருக்களில் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் பக்கத்தில் பக்கத்தில் போகின்றன. இரண்டிலும் விரிசல் இருந்தால் வெளியே கசிந்து நிற்பதைக் குடிநீர்க் குழாய் உள்ளே இழுத்துக்கொள்ளும். அடிபம்பு அடிக்கும்போதும் யாராவது மோட்டார் வைத்து உறிஞ்சும்போதும் இந்த இழுப்பு இன்னும் கூடும். மறுபடி தண்ணீர் விட்டதும், உள்ளே போனதெல்லாம் முதல் குடங்களில் வருகிறது. மிச்சம் குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

கை கழுவச் சொல்வோம், அது தேவைதான். ஆனால் உங்கள் பையனின் பேதிக்கு உங்கள் சுத்தக்குறைவு காரணம் என்று யாராவது சொன்னால் தலை குனிந்து கேட்டுக்கொண்டு வராதீர்கள். அந்தக் குழாயை நீங்கள் பதிக்கவில்லை.

இப்போதைக்கு, தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு ஒரு நிமிடம் விட்டு இறக்குங்கள். கேஸ் செலவு தாங்காது என்றால் குளோரின் மாத்திரை சுகாதார நிலையத்தில் கேளுங்கள். அட்டையில் எத்தனை லிட்டருக்கு ஒன்று என்று பார்த்துப் போட்டு, மூடி வைத்து, அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். கலங்கலாக இருந்தால் முதலில் துணியில் வடிகட்டுங்கள், கலங்கல் தண்ணீரில் குளோரின் சரியாக வேலை செய்யாது.

அடுத்தது புகார். கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். சின்னக் கண்ணாடிக் குழாயில் சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பார்கள், மஞ்சள் நிறம் வர வேண்டும். நிறமே வராவிட்டால் அந்தக் குழாயில் பாதுகாப்பு இல்லை. அந்தச் சோதனையை உங்கள் தெருக்கடைசியில், முதல் பத்து நிமிடத்துக்குள் செய்யச் சொல்லுங்கள். அதிகாரிகள் வருவதற்குள் தண்ணீர் தெளிந்துவிடுவதால் தப்பித்துப்போன கசிவுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரே வாரத்தில் பக்கத்துப் பக்கத்தில் மூன்று வீட்டில் பேதி என்றால் தண்ணீர் அலுவலகத்தோடு நிறுத்தாமல் சுகாதார நிலையத்திலும் எழுதிக் கொடுங்கள். பேதி பரவுகிறது என்று பதிவானால் அவர்கள் வந்தே ஆக வேண்டும்.

அதே தாய்: பேதி ஆரம்பித்தவுடன் வீட்டில் என்ன செய்வது?

ஓஆர்எஸ் பொட்டலம். கையில் இல்லையென்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி அளந்தது. உப்பு கூடிவிடக் கூடாது. ஒவ்வொரு தடவை போன பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். சோறு, கஞ்சி, தாய்ப்பால் எதையும் நிறுத்தாதீர்கள். துத்தநாக மாத்திரையை சுகாதார நிலையத்தில் தருவார்கள், பேதி நின்ற பிறகும் சொன்ன நாள் வரை கொடுக்க வேண்டும். கண் குழி விழுந்தாலோ, ஆறு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலோ, பிள்ளை துவண்டு கிடந்தாலோ உடனே தூக்கிக்கொண்டு போங்கள்.

பெசன்ட் நகரிலிருந்து ஒருவர்: எங்கள் குடியிருப்பில் எல்லாம் சுத்தமாகத்தான் இருக்கிறது. பக்கத்துக் குடிசைப் பகுதியிலிருந்துதானே டெங்கு வருகிறது? அவர்களை ஒழுங்காக இருக்கச் சொல்ல முடியாதா?

ஐயா, டெங்கு கொசு சாக்கடையில் முட்டையிடுவதில்லை. சாக்கடைக் கொசு வேறு, அது ராத்திரியில் கடிக்கும். டெங்கு கொசு நல்ல தண்ணீரில் வளர்ந்து பகலில் கடிக்கும். பொதுவாக சில நூறு மீட்டருக்கு மேல் பறக்காது. அதனால் உங்கள் மாடியில் காய்ச்சல் வந்தால் முதலில் உங்கள் சம்ப்பையும், பூந்தொட்டித் தட்டையும், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டையும் பாருங்கள்.

குடிசைப் பகுதியிலும் அது பெருகத்தான் செய்கிறது. ஏன் தெரியுமா? தினமும் குழாய் வராத வீட்டில் டிரம்மில் பிடித்து வைக்காமல் எப்படி இருப்பது? லாரி எப்போது வரும் என்று தெரியாதவளிடம் தண்ணீர் சேர்த்து வைக்காதே என்று சொல்ல எனக்கு மனசு வந்ததே இல்லை. சொல்லக்கூடியது இதுதான்: டிரம்மை வேட்டித் துணியால் இறுகக் கட்டுங்கள், வாரம் ஒரு நாள் காலி செய்து உள்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை தண்ணீரில் மிதக்காது, தண்ணீர் மட்டத்துக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. தண்ணீரை மட்டும் கொட்டிவிட்டு மறுபடி நிரப்பினால் அதே முட்டை பொரிக்கும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும், அதற்குத்தான் வாரம் ஒரு முறை என்பது.

புளியந்தோப்பிலிருந்து ஓர் அக்கா: தம்பிக்கு டிபி என்று சொல்லிவிட்டார்கள். பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் இருக்கிறோம், எனக்குக் கைக்குழந்தை. அவனை வெளியே எங்காவது தங்க வைக்கச் சொல்கிறார்கள் சொந்தக்காரர்கள். பாவமாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

அவனை அனுப்பாதே அம்மா. இந்தக் கேள்விக்கு உலகத்துக்கே பதில் சொன்னது நம்ம ஊர்தான்.

1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் ஆய்வு மையம் ஒன்று தொடங்கினார்கள். அப்போதெல்லாம் டிபி என்றால் சானடோரியத்தில் படுக்க வைத்து, ஓய்வும் சத்துணவும் கொடுத்துத்தான் குணப்படுத்த முடியும் என்று நம்பினார்கள். இந்த மையம் சென்னையின் ஏழை நோயாளிகளை இரண்டாகப் பிரித்தது. ஒரு பகுதிக்கு சானடோரியம். இன்னொரு பகுதிக்கு அதே மாத்திரைகள், ஆனால் அவரவர் வீட்டிலேயே, அதே நெரிசலில், அதே சாப்பாட்டோடு. வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். முக்கியமானது அடுத்தது: கூட இருந்த குடும்பத்தாரை ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்தார்கள், வீட்டு சிகிச்சையால் அவர்களுக்கு நோய் கூடுதலாக வரவில்லை. நோய் பரவுவது பெரும்பாலும் மருந்து தொடங்கும் முன்புதான். அதற்குப் பிறகு உலகம் முழுக்க சானடோரியங்கள் மூட ஆரம்பித்தன. இன்று வீட்டிலிருந்தே டிபி மருந்து சாப்பிட முடிகிறது என்றால் அந்தச் சென்னைக் குடும்பங்களுக்கும் அதில் பங்கு உண்டு.

சரி, நீ செய்ய வேண்டியது. தம்பி ஒரு வேளை கூட மாத்திரையை விடக் கூடாது. சாதாரண டிபிக்கு ஆறு மாதம். இரண்டாம் மாதத்திலேயே உடம்பு தேறிவிடும், அங்கேதான் நிறைய பேர் நிறுத்திவிடுகிறார்கள், அப்புறம் மருந்துக்கு அடங்காத டிபியாகத் திரும்பி வருகிறது. முதல் சில வாரம் இருமும்போது முகக்கவசமோ துண்டோ போட்டுக்கொள்ளட்டும், ஜன்னல் பக்கம் படுக்கட்டும். ஜன்னலே இல்லையென்றால் பகல் முழுக்கக் கதவைத் திறந்து வையுங்கள். இந்தக் கிருமி தட்டிலும் டம்ளரிலும் ஒட்டிப் பரவுவதில்லை, அடைந்த காற்றில் மிதக்கிறது. அதனால் தட்டைப் பிரித்து வைத்து அவன் மனதை நோகடிக்காதே. வீட்டில் எல்லோரையும் பரிசோதனைக்குக் கூட்டிப் போ, கைக்குழந்தையை முதலில் காட்டு. நோய் இல்லாதவர்களுக்கும் வராமல் தடுக்க மாத்திரை உண்டு. சத்துணவுக்கு மாதம் 1000 ரூபாய் அவன் வங்கிக் கணக்கில் வர வேண்டும், 2024 நவம்பருக்கு முன் அது 500-ஆக இருந்தது. வரவில்லையென்றால் கேள், அது அவனுக்குச் சேர வேண்டியது.

ஒரு கல்லூரி மாணவி: எங்கள் பகுதியில் பொதுக் கழிப்பிடம்தான். ராத்திரி பூட்டிவிடுவார்கள். சாயங்காலத்துக்கு மேல் நானும் அம்மாவும் தண்ணீரே குடிப்பதில்லை. இதனால் ஏதும் ஆகுமா?

ஆகும் கண்ணு. இதைக் கேட்டதற்கே உனக்கு நன்றி சொல்லணும், பெண்கள் இதை வாய் திறந்து சொல்வதில்லை. தண்ணீர் குறைத்து, வந்ததை அடக்கி வைத்தால் சிறுநீர்ப் பாதையில் கிருமி தங்கிப் பெருகும். எரிச்சல், அடிவயிற்று வலி, அப்புறம் குளிர் காய்ச்சல். மலச்சிக்கலும் கல்லும் வரலாம். கர்ப்பிணிக்கு இந்தத் தொற்று வந்தால் குறைமாதப் பிரசவம் வரை போகும். ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி வெயில் நாளில் மயங்கி விழுந்து எங்களிடம் வந்தாள். கேட்டால், முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து ஒரு மிடறு தண்ணீர் குடிக்கவில்லை. கழிப்பிடம் தெருக்கோடியில், விளக்கு இல்லை, அதுதான் காரணம். அவளுக்கு நாங்கள் எழுதிய மருந்துச் சீட்டில் விளக்கு என்று எழுத இடமில்லை. இன்று வரை அது எனக்கு வருத்தம்.

பகலில் நிறையக் குடி, படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு மட்டும் குறைத்துக்கொள். எரிச்சல் வந்தால் உடனே சிறுநீர்ப் பரிசோதனை. மற்றபடி, ராத்திரி திறந்திருக்க வேண்டும், விளக்கும் உள்தாழ்ப்பாளும் வேண்டும் என்று தெருப் பெண்கள் சேர்ந்து வார்டு கவுன்சிலரிடம் எழுத்தில் கொடுங்கள். ஒரு பெண் கேட்டால் சமாளித்து அனுப்புவார்கள், முப்பது பெண் போனால் அது நடக்காது.

மழைநீர் வடிகாலில் அடைப்பு எடுக்கும் வேலை செய்பவர்: வெள்ளத் தண்ணீரில் நின்று வேலை செய்தேன். நான்கு நாள் கழித்து காய்ச்சல், கெண்டைக்கால் வலி. சாதாரணக் காய்ச்சலா?

எலிக்காய்ச்சலாக இருக்கலாம், இன்றைக்கே போங்கள். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர், காலில் இருக்கும் சின்னக் கீறல் வழியாக உள்ளே போகும். கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் அதற்கு முக்கிய அறிகுறி. சீக்கிரம் பிடித்தால் சாதாரண மருந்திலேயே சரியாகும், விட்டால் சிறுநீரகமும் ஈரலும் போகும். வெள்ளத்தில் நின்றதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர் கேட்க மாட்டார், நீங்கள்தான் சொல்லணும்.

காசிமேட்டிலிருந்து ஒருவர்: சிமென்ட் ஷீட் கூரை. ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் வீடு அடுப்பு மாதிரி இருக்கிறது.

பகலில் வாங்கிய சூட்டைக் கூரை ராத்திரியெல்லாம் கீழே இறக்குகிறது. மேலே வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு பூச்சு அடியுங்கள், நன்றாகவே வித்தியாசம் தெரியும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால் அதில் துளை போடுவதோ உடைப்பதோ வேண்டாம், அந்தத் தூள் நுரையீரலுக்கு விஷம். வயதானவர்களையும் குழந்தைகளையும் ராத்திரி வெளியே காற்றாட படுக்க வையுங்கள், கொசுவலையோடு.

பெரும்பாக்கத்திலிருந்து ஒருவர்: கூவம் ஓரத்தில் இருந்த எங்களை இங்கே மாற்றினார்கள். வீடு பக்கா, கழிப்பறை உள்ளேயே. ஆனாலும் வந்த பிறகுதான் அம்மாவுக்கு சர்க்கரையும் பிரஷரும் கட்டுக்கடங்கவில்லை. நல்ல வீட்டுக்கு வந்தால் உடம்பு நன்றாகத்தானே ஆகணும்?

வெள்ளமும் வெளிக் கழிப்பிடமும் போனது பெரிய விஷயம் தம்பி, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் உடம்பு சுவரால் மட்டும் நன்றாவதில்லை. அம்மா முன்பு எந்த ஆஸ்பத்திரிக்குப் போனார்? பெரிய ஆஸ்பத்திரிக்கு நடந்தே போயிருப்பார். இப்போது அதே இடம் 20 கிலோமீட்டருக்கு மேல். மாத்திரை வாங்க ஒரு நாள் கூலி போகிறது, அதனால் ஒரு வேளை மாத்திரையை இரண்டு நாளுக்கு வைத்துக்கொள்வார்கள். நான் பார்த்த கட்டுக்கடங்காத பிரஷரில் பாதிக்கு மேல் இப்படித்தான்.

1970-ல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது, இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டிக் கொடுத்தார்கள். குடிசைப் பகுதிகளுக்கான 1971 சட்டத்தின் பெயரிலேயே அகற்றுதலோடு மேம்பாடும் இருக்கிறது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஊருக்கு வெளியே அனுப்பும் வழக்கம் பெரிதானது 2000-க்குப் பிறகு. என் கருத்து, முடிந்த இடத்தில் எல்லாம் பழைய முறையே சரி. வேலையும் பள்ளியும் ஆஸ்பத்திரியும் இருக்கும் இடத்திலேயே வீடு வேண்டும்.

அம்மாவுக்கு: மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 ஆகஸ்டிலிருந்து பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பழைய ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டி அருகிலிருக்கும் சுகாதார நிலையத்தில் பெயர் பதியச் சொல்லுங்கள். லிஃப்ட் ஓடாத மாடியில் இருந்தால் அதையும் அவர்களிடம் சொல்லுங்கள்.

பெயர் சொல்ல விரும்பாத பெண்: என் வீட்டுக்காரரை செப்டிக் டேங்குக்குள் இறங்கக் கூப்பிடுகிறார்கள். 2000 ரூபாய் தருகிறார்களாம்.

இறங்க விடாதீர்கள். உள்ளே இருக்கும் வாயு முதலில் மூக்கை மரத்துப்போக வைக்கும். நாற்றம் குறைந்துவிட்டது என்று நினைக்கும்போது ஆள் விழுந்துவிடுவார். காப்பாற்றக் குதித்தவர்களும் செத்த செய்தி எத்தனை படித்திருக்கிறோம். பாதுகாப்பு இல்லாமல் ஆளை உள்ளே இறக்குவது 2013 சட்டப்படி குற்றம், கூப்பிட்டவர்தான் குற்றவாளி. இறந்தால் 30 லட்சம் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தப் பணம் வேண்டாம் அம்மா, அவர் வேண்டும். இயந்திர லாரியைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

கட்டுமான வேலைக்கு வந்த குடும்பத்திலிருந்து: எங்களுக்கு இந்த ஊர் முகவரி இல்லை, ரேஷன் கார்டு இல்லை. பிள்ளைக்குத் தடுப்பூசி போடுவார்களா?

போடுவார்கள், இலவசம். முகவரி கேட்டுத் திருப்பி அனுப்பக் கூடாது. ஊரில் போட்ட அட்டை இருந்தால் கொண்டு போங்கள், தொலைந்திருந்தாலும் போங்கள், விட்டுப்போனதிலிருந்து தொடர்வார்கள். புதன்கிழமை காலை தடுப்பூசி நாள். கொஞ்சம் முன்னாடியே போய்விடுங்கள், கூட்டம் இருக்கும்.