பாரசீகப் பயணிகள் பார்த்ததும் பட்டதும்: கேள்வி பதில்

சார், ஈரான்காரர்களின் பயண நூல்களில் முதலில் எதைப் படிக்கலாம்?

யோசிக்கவே வேண்டாம், நாசிர் குஸ்ரோவின் 'சஃபர்நாமா'. மெர்வ் நகரில் அரசுக் கணக்கு பார்த்தவர். 1046இல் வேலையை உதறிவிட்டுக் கிளம்பி, ஜெருசலேம், கெய்ரோ, மெக்கா என்று சுற்றி 1052இல் பல்க் நகருக்கு (இன்றைய ஆப்கானிஸ்தான்) வந்து சேர்ந்தார். கணக்குப்பிள்ளை புத்தி எங்கே போகும்? போன இடமெல்லாம் நீள அகலம் குறித்து வைத்திருக்கிறார்.

கெய்ரோவில் ஏழாம் மாடியில் மாடு இருந்தது என்கிறாரே! அளந்து விடுகிறாரா?

தான் பார்த்ததாகச் சொல்லவில்லை. நம்பகமான ஒருவர் சொன்னதாகத்தான் எழுதுகிறார். கன்றாக மேலே ஏற்றி வளர்த்து, நீரிறைக்கும் சக்கரத்தில் பூட்டினார்களாம். மொட்டை மாடியில் ஆரஞ்சு, வாழை எல்லாம் விளைந்ததாம். எனக்குப் பிடித்தது வேறு. அங்கே மளிகைக்காரர்களே கண்ணாடிக் குப்பி, மண்பாண்டம், காகிதம் என எதிலாவது போட்டுக் கொடுத்துவிடுவார்களாம். எண்ணெய்க்குத் தூக்குவாளியோடு போன நம் ஆட்கள் பொறாமைப்படலாம்.

வழியில் கஷ்டப்பட்டாரா?

ஈராக்கின் பஸ்ராவில் பட்டார். பாலைவனம் கடந்து வந்த அவருக்கும் தம்பிக்கும் உடுத்த நல்ல துணியில்லை. புத்தகம் வைத்திருந்த சின்னப் பையை விற்று, கிடைத்த சில்லறையைக் காகிதத்தில் மடித்துக் குளியல்கூடக்காரரிடம் நீட்டினார்கள். பைத்தியங்கள் என்று நினைத்து அவர் விரட்டிவிட்டார். வாசலில் இருந்த பிள்ளைகள் கல்லெறிந்தார்கள்.

அப்புறம் ஒரு அமைச்சரின் தயவால் நல்ல உடை கிடைத்தது. அதே இடத்துக்குப் போனால் எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள்! உள்ளே ஒருவர், 'அன்றைக்கு நாம் விரட்டியது இவர்களைத்தான்' என்று, இவர்களுக்குப் புரியாது என்ற நினைப்பில், இன்னொருவரிடம் அரபியில் சொல்கிறார். 'சரியாகச் சொன்னீர்கள், முதுகில் பழைய கோணி கட்டியிருந்தவர்கள் நாங்களேதான்' என்று நாசிரும் அரபியிலேயே பதில் சொல்ல, அந்த ஆளுக்கு முகம் தொங்கிப்போனது.

நம் பக்கம் யாரும் வரவில்லையா ஐயா?

ஹெராத்திலிருந்து அப்துர் ரஸாக் வந்தார். ஊர் இன்று ஆப்கானிஸ்தானில் இருந்தாலும் எழுதியது பாரசீகத்தில். ஹெராத்தை ஆண்ட ஷாருக் மன்னரின் தூதராக 1442இல் கடலேறிக் கோழிக்கோடு வந்தார். சரக்கைத் தெருவில் போட்டுவிட்டுப் போனாலும் பத்திரமாக இருக்கும் என்று துறைமுகத்தைப் புகழ்கிறார். ஆனால் மக்களின் கறுப்பு நிறத்தையும் அரை உடையையும் கண்டு அருவருக்கிறார். அது அவருடைய மேட்டிமைத்தனம், பூசி மெழுக வேண்டாம். இரண்டாம் தேவராயரின் விஜயநகரத்தில் மனிதரின் தொனியே மாறிவிடுகிறது. வெற்றிலையைப் பற்றி எழுதும்போது பார்க்க வேண்டுமே, அவ்வளவு உற்சாகம்!

ஈரான் மன்னர் நசீருத்தீன் ஷாவின் ஐரோப்பிய நாட்குறிப்பு?

1873 பயணம். விருந்து, அணிவகுப்பு, மறுபடி விருந்து. புரட்டிப் பார்த்தால் போதும்.

சொந்த நாட்டைப் பற்றி ஈரானியர் யாராவது இப்படி எழுதினார்களா?

ஹாஜி சய்யா. சுமார் 18 ஆண்டுகள் உலகம் சுற்றி, 1875இல் அமெரிக்கக் குடியுரிமையும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியவர். பிறகு ஈரானுக்குள்ளேயே பயணம் போய், அதிகாரிகளின் அடாவடியையும் ஜனங்களின் வறுமையையும் எழுதினார். நாட்டை மாற்ற வேண்டும் என்று பேசியதற்காக, மேலே சொன்ன அதே ஷாவின் ஆட்சியில் சிறைக்கும் போனார்.