நான்கு நாளும் ஒரே ஊரில்
(வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. மியூனிக்கில் வேலை பார்க்கும் மகனிடம் அக்டோபரில் நானும் என் கணவரும் செல்கிறோம். அவனுக்குக் கிடைக்கும் நான்கு நாள் விடுப்பில் ரோம், புளோரன்ஸ், வெனிஸ் மூன்றையும் காட்டிவிடுவதாகச் சொல்கிறான். அறுபதைக் கடந்த எங்களால் முடியுமா?
– வாசகி, காட்பாடி

பதில்: பெற்றோருக்கு எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்ற உங்கள் மகனின் ஆசை மதிக்கத்தக்கது, அம்மா. ஆனால் நான்கு நாளில் மூன்று ஊர் என்றால், பெட்டியைக் கட்டுவதிலும் அவிழ்ப்பதிலும் ரயிலுக்குக் காத்திருப்பதிலுமே பாதிப் பொழுது கழிந்துவிடும். புளோரன்ஸில் மட்டும் தங்குங்கள் என்பதே என் யோசனை. அதன் பழைய நகரம் முழுவதையும் நடந்தே பார்த்துவிடலாம். மதியம் அறைக்குத் திரும்பிச் சற்றுப் படுத்து எழுந்து, மாலையில் மீண்டும் புறப்படலாம். கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி எழுப்பி 1436-இல் நிறைவுற்ற பேராலயக் குவிமாடத்தின் உச்சிக்கு 463 படிகள் ஏற வேண்டும், மின்தூக்கி கிடையாது. முழங்கால் இடம் தராவிட்டால் வருந்த வேண்டாம். கீழே சதுக்கத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பதே பெரிய அனுபவம். மைக்கேலாஞ்சலோவின் தாவீது சிலை உள்ள அக்காதெமியா கலைக்கூடமும் உஃபீத்ஸி ஓவியக் கூடமும் திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும். மற்ற நாள்களுக்கு முன்பதிவு செய்துகொள்ளுங்கள். தேவாலயங்களுக்குள் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்பது விதி. புடவை கட்டும் உங்களுக்கு அதில் கவலையே இல்லை. தெருக்கள் கல் பாவியவை என்பதால், காலுக்குப் பழகிய காலணியையே அணிந்து செல்லுங்கள்.

கேள்வி: ஜெர்மனி விசா இத்தாலிக்குச் செல்லுமா? எவ்வளவு முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும்?
– வாசகர், குடியாத்தம்

பதில்: இரண்டும் ஷெங்கன் நாடுகள், அதாவது பொது விசா வைத்திருக்கும் ஐரோப்பிய நாடுகள் என்பதால் ஒரே விசா போதும், அதிக நாள் எங்கே தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பியுங்கள். பயணத்துக்கு 6 மாதம் முன்பிலிருந்தே விண்ணப்பிக்கலாம், பயணத்துக்கு 15 நாள்கூட இல்லை என்றால் காலம் கடந்துவிட்டது. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

கேள்வி: தோல் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். எங்கள் ஊரிலிருந்து தொழில் நிமித்தம் இத்தாலி போய்வந்தவர்கள் பலர். எல்லோரும் கைபேசியில் படம் காட்டுகிறார்களே தவிர, அவர்களிடம் வேறு மாற்றம் எதையும் நான் காணவில்லை. பயணம் உண்மையில் எதைக் கற்றுத் தருகிறது?
– வாசகர், ஆம்பூர்

பதில்: உங்கள் கேள்வி என்னைப் பல நாள் யோசிக்க வைத்தது, ஐயா. பொதுவாகச் சொல்லாமல், நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன்.

புளோரன்ஸில் தங்கிய மூன்றாம் நாள், மழை தூறிக்கொண்டிருந்த மாலையில், சான் ரெமிஜியோ என்ற குறுகிய தெருவின் முனையில் ஒதுங்கி நின்றேன். எதிர்ச் சுவரில், கைக்கு எட்டாத உயரத்தில், பழைய கல்வெட்டு ஒன்று இருந்தது. நீரலைகளைக் கோடுகளாகச் செதுக்கி, அவற்றைச் சுட்டும் ஒரு கையையும் விரலோடு செதுக்கியிருந்தார்கள். 1333 நவம்பர் 4 அன்று ஆர்னோ ஆறு அந்த உயரத்துக்கு ஏறியது என்பது அதன் செய்தி. அதற்கும் மேலே இன்னொரு பலகை. அது 1966-இல், அதே நவம்பர் 4 அன்று, ஏறத்தாழ 5 மீட்டர் உயரத்துக்கு வந்த வெள்ளத்தின் அடையாளம். அந்த வெள்ளத்தில் தேசிய நூலகத்தின் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் சேற்றில் மூழ்கின. பல நாடுகளிலிருந்து ஓடிவந்த இளைஞர்கள் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி அவற்றை வெளியே எடுத்தார்கள். 'சேற்றுத் தேவதைகள்' என்றே அந்த ஊர் இன்றும் அவர்களைச் சொல்கிறது. ஆறு செய்ததை மறக்கக் கூடாது என்று சுவரிலேயே எழுதிவைத்த ஊர் அது.

உங்கள் தொழிலுக்கு நெருக்கமான ஒன்றும் அங்கே உண்டு. 1333 வெள்ளத்துக்குப் பின் 1345-இல் கட்டப்பட்ட போன்டே வெக்கியோ பாலத்தின் மேல் ஒரு காலத்தில் இறைச்சிக் கடைக்காரர்களும் தோல் பதனிடுவோரும் இருந்தார்கள், கழிவெல்லாம் நேரே ஆற்றில் விழுந்தது. நாற்றம் பொறுக்காத அன்றைய ஆட்சியாளர் முதலாம் ஃபெர்டினான்டோ 1593-இல் அவர்களை அகற்றிவிட்டுப் பொற்கொல்லர்களைக் கொண்டுவந்தார், இன்றும் அங்கே நகைக்கடைகள்தாம். அந்தப் பாலத்தில் நின்றபோது என் மனம் பாலாற்றங்கரைக்குப் போய்விட்டது. ஆவாரம்பட்டையில் தோல் பதனிட்ட காலம் போய் குரோம் ரசாயனம் வந்தபின் நம் கிணறுகள் என்னவாயின, 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் 'மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும்' என்று தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றிய வேலூர் வழக்கில் தீர்ப்பளித்தது ஏன் என்பதையெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இத்தனை ஆண்டுகள் இந்த மாவட்டத்திலேயே வாழ்ந்தும், என் ஆற்றின் வரலாற்றை வரிசையாக ஒருமுறைகூட எண்ணிப் பார்த்ததில்லை என்பது அந்த அயலூர்ப் பாலத்தில்தான் எனக்கு உறைத்தது.

நமக்கும் ஒரு நவம்பர் உண்டு. 1903 நவம்பரில் பாலாறு பெருகி வாணியம்பாடியில் பல உயிர்களைக் கொண்டுபோனது, அதற்கான நினைவுத் தூண் ஊருக்குள் இன்றும் நிற்கிறது. 2021 நவம்பரில் கரைபுரண்டு ஓடிய வெள்ளத்தை நீங்களே பார்த்திருப்பீர்கள். மற்ற ஆண்டுகளில் வெறும் மணலாகக் கிடப்பதால், அது ஆறு என்பதையே மறந்து அதன் படுகையை நெருக்கிக் கட்டிக்கொண்டு வருகிறோம். எனக்கு இது ஆறாத வருத்தம்.

ஊர் திரும்பிய மறுவாரம் வேலூரிலிருந்து பேருந்து ஏறி வாணியம்பாடிக்குப் போனேன். அந்தத் தூணைக் கடந்து எத்தனையோ முறை சென்றிருக்கிறேன். நின்று பார்த்தது அன்றுதான். உங்களுக்கு அது பக்கத்து ஊர். ஒரு ஞாயிறு காலை, முடிந்தால் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, போய்ப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.