ட்யூப் லைட் முனை கறுத்தால் கேஸ் போய்விட்டது என்று அர்த்தமா?

கேள்வி இதுதான்: பென்னாகரம் பக்கம் வீடு, சாயங்காலமானால் லோ வோல்டேஜ். பழைய சோக் பட்டியில் ட்யூப் பத்துத் தடவை மினுக்கிவிட்டுத்தான் எரிகிறது, சில மாதத்தில் முனைகள் கறுத்துவிடுகின்றன. எலக்ட்ரீஷியன் "கேஸ் போச்சு" என்கிறார்.

கேஸ் எங்கும் போகவில்லை. போனது பிலமென்ட் மேல் இருந்த வெள்ளைப் பூச்சு.

பிலமென்ட் என்பது முனையில் இருக்கும் டங்ஸ்டன் சுருள். அதன் வேலை வெளிச்சம் தருவதல்ல, சூடாகி எலக்ட்ரான்களை வெளியே விடுவது. ப்ளஸ் டூ இயற்பியலில் வெப்ப அயனி உமிழ்வு என்று ஒரே பத்தியில் தாண்டிப்போவார்களே, அதேதான். வெறும் டங்ஸ்டனின் வெளியேற்று ஆற்றல், அதாவது ஒரு எலக்ட்ரானைப் பிய்த்து வெளியே விடத் தேவையான ஆற்றல், 4.5 எலக்ட்ரான் வோல்ட். உருப்படியாக எலக்ட்ரான் வர 2000 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய வேண்டும். அதனால்தான் சுருளின் மேல் பேரியம், ஸ்ட்ரான்ஷியம், கால்சியம் ஆக்சைடுகளைப் பூசுகிறார்கள். பூசினால் 1.5 சொச்சம்தான், 900 டிகிரி பக்கம் வந்தாலே போதும்.

இந்த உமிழ்வு வெப்பநிலையோடு சீராக ஏறி இறங்காது, படுபாதாளத்தில் விழும். இந்த உமிழ்வைக் கணக்கிடும் ரிச்சர்ட்சன் சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள்: டங்ஸ்டன் 2500 கெல்வினிலிருந்து 2000க்கு இறங்கினால் எலக்ட்ரான் வரத்து ஏறக்குறைய 300ல் ஒரு பங்காகிவிடும்.

இனி உங்கள் வீட்டு லோ வோல்டேஜுக்கு வருவோம். ஸ்டார்ட்டர் ஒரு தானியங்கி சுவிட்ச். அது மூடி மின்சாரத்தைச் சுருள் வழியே விடும் ஓரிரு வினாடிதான் சுருள் காயும். 230 வோல்ட் 180 ஆனால் மின்னோட்டமும் குறையும். சூடாக்கும் திறன் சுமார் 60 சதவீதம்தான். சுருள் சரியாகக் காயாத நேரத்தில் ஸ்டார்ட்டர் திறக்கிறது, சோக் சில நூறு வோல்ட் உதை கொடுக்கிறது. எலக்ட்ரான் தாராளமாக வராததால், ட்யூபுக்குள் இருக்கும் பாதரச ஆவியின் அயனிகள் (மின்னேற்றம் பெற்ற அணுக்கள்) வேகமாக வந்து பூச்சை மோதிப் பெயர்க்கின்றன. பெயர்ந்தது கண்ணாடியில் ஒட்டினால் கறுப்பு. பத்து மினுக்கு என்றால் பத்து அடி.

சோதிக்க: மெயினை அணைத்து ட்யூபைக் கழற்றி, ஒரு முனையின் இரண்டு பின்னுக்கும் நடுவே மல்ட்டிமீட்டர் வையுங்கள். சில ஓம் காட்டினால் சுருள் அறுபடவில்லை. அப்படியும் முனை கறுத்து, புது ஸ்டார்ட்டர் போட்டும் மினுக்கிக்கொண்டே இருந்தால் பூச்சு தீர்ந்துவிட்டது. ட்யூபைத் திருப்பி மாட்டுவது வீண். ஏசியில் இரு முனையும் மாறிமாறி எலக்ட்ரான் தர வேண்டும்.

இரண்டு முனையும் ஆரஞ்சாக எரிந்தபடியே நின்றால் கோளாறு வேறு. ஸ்டார்ட்டர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைத் திருகிக் கழற்றியதும் ட்யூப் பளிச்சென்று எரிந்தால் ஸ்டார்ட்டரை மட்டும் மாற்றுங்கள், உடனே. இல்லாவிட்டால் பூச்சு ஆவியாகியே ட்யூப் செத்துவிடும்.

மலிவு எலக்ட்ரானிக் சோக் லோ வோல்டேஜில் டக்கென்று எரியவைக்கும், ஆனால் பல மாடல்கள் சுருளைக் காயவைக்காமலே வோல்ட் உதை கொடுப்பதால் அடிக்கடி சுவிட்ச் போடும் குளியலறைக்கு ஆகாது. என் கணக்கில் 180 வோல்ட் தெருவுக்கு எல்இடி பட்டிதான் சரி. காயவைக்க அதில் பிலமென்ட்டே கிடையாது. வாங்கும்போது அட்டையில் கீழ் வோல்ட் அளவைப் பாருங்கள். கழற்றிய பழைய ட்யூபை உடைக்காதீர்கள், உள்ளே பாதரசம் இருக்கிறது.