பத்தாம் வகுப்பு வருகிறது என்று மகளைப் பள்ளி மன்றங்களிலிருந்து நிறுத்திவிடலாமா?

கேட்டவர் எழுதியிருப்பது இதுதான்: மகள் குடியாத்தம் பக்கம் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ஜூனியர் ரெட் கிராஸ், அறிவியல் மன்றம் இரண்டிலும் இருக்கிறாள். அடுத்த வருஷம் பொதுத்தேர்வு, அதனால் இரண்டையும் விடச் சொல்லலாமா?

வேண்டாம் அக்கா. நேரம் போதவில்லை என்றால் ஒன்றை விடட்டும். எதை விடுவது என்பதை அவளே முடிவு செய்யட்டும். "பத்தாவதுல இதெல்லாம் எதுக்கு" என்று டியூஷன் மாஸ்டரோ பக்கத்து வீட்டுக்காரரோ உங்களிடம் சொல்லியிருப்பார்கள். எங்கள் வீட்டிலும் வந்து சொன்னார்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் படித்தது ஆம்பூருக்குப் பக்கத்தில் ஒரு அரசுப் பள்ளி. அப்போது திருப்பத்தூர் தனி மாவட்டம் ஆகவில்லை. 2019 நவம்பரில்தான் பிரித்தார்கள். அதுவரை எங்களுக்கு எல்லாமே வேலூர்தான். அம்மாவுக்கு ஷூ கம்பெனியில் வேலை. அப்பா டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், பச்சைத் தோல் இறக்கி உப்புப் போடுகிறவர். அந்த வாடை குளித்தாலும் போகாது. வகுப்பில் அப்பா என்ன வேலை என்று கேட்டால் "கம்பெனி" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடும் பிள்ளைகள் எங்கள் பக்கம் நிறைய.

நோட்டீஸ் போர்டில் மன்றங்களின் பட்டியல் நீளமாக இருந்தது. இலக்கிய மன்றம், பசுமைப் படை, நுகர்வோர் மன்றம் எல்லாம் உண்டு. நிஜமாக நடந்தது அறிவியல் சார் நடத்திய மன்றம் ஒன்றுதான். தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு எங்களைத் தயார் செய்தார். பலருக்கு அதைப் பற்றித் தெரியாது என்பதால் சொல்கிறேன்: 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்துத் தாங்களே ஆய்வு செய்து எழுத வேண்டும். தமிழிலேயே எழுதலாம், நடுவர்கள் முன்னால் தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் அதை ஒருங்கிணைத்தது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். சாதாரண அறிவியல் கண்காட்சிபோல தெர்மாகோலில் எரிமலை செய்து வைத்தால் நடக்காது.

நாங்கள் எடுத்துக்கொண்டது ஊர்க் கிணறுகளையும் ஆழ்துளைக் கிணறுகளையும். எந்தத் தண்ணீர் எப்படிக் கெட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பள்ளியில் கருவி எதுவும் கிடையாது. எங்கள் ஆயாதான் (பாட்டி) வழி சொன்னது: "பருப்பு வேகுதான்னு கேளுங்க, தண்ணி எப்படின்னு தெரிஞ்சிடும்." சார் அதை அப்படியே ஏற்றுக்கொண்டார். வீடு வீடாகப் போய்க் கேட்டோம். துவரம்பருப்பு வேக எவ்வளவு நேரம் ஆகிறது, சோப்பு நுரைக்கிறதா, எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது என்று எழுதிக்கொண்டோம். அப்புறம் ஒரே மாதிரி பாட்டில்களில் ஒரே அளவு தண்ணீர், ஒரே அளவு சோப்புக் கரைசல் ஊற்றிக் குலுக்கி, நுரையின் உயரத்தை ஸ்கேல் வைத்து அளந்தோம். கடினத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் பருப்பிலுள்ள பெக்டினோடு சேர்ந்து அதை இறுக்கிவிடும், அதனால்தான் வேகாது என்பதைக் கல்லூரியில் படித்தேன். ஆயாவுக்கு அது அனுபவத்தில் தெரிந்திருந்தது.

கடைசியில் சார் ஒரு கல்லூரியிலிருந்து தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் இரவல் வாங்கி வந்தார். குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர அளவு. ஓடைப் பக்கத்துக் கிணறுகளில் மீட்டர் அந்த இரண்டாயிரத்தையும் தாண்டியது. நாங்கள் வரைபடத்தில் பருப்பு வேகாத வீடுகளுக்கு வைத்திருந்த சிவப்புப் புள்ளிகளும் பெரும்பாலும் அங்கேதான் இருந்தன. ஒரு கிணறு மட்டும் ஒத்துவரவில்லை. மீட்டரில் அதிகம் காட்டியது, ஆனால் அந்தத் தெருவில் பருப்பு நன்றாகவே வெந்தது. அதை விட்டுவிடலாமா என்று கேட்டோம். சார் விடவில்லை, கண்டதை எழுதத்தான் வேண்டும் என்றார்.

மாவட்டச் சுற்றில் நடுவர் கேட்டதே அந்தக் கிணற்றைத்தான். உப்பு இவ்வளவு இருக்கும்போது பருப்பு எப்படி வேகிறது? எனக்குப் பதில் தெரிந்திருந்தது, காரணம் என் அப்பா. பச்சைத் தோல் கெடாமல் இருக்கப் போடுவது நாம் சமையலில் போடும் அதே உப்புதான், தோலை ஊறவைத்து அலசும்போது அது தண்ணீரில் போகிறது, மீட்டர் எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும், ஆனால் சோடியம் உப்பு பருப்பை இறுக்காது, மயிர் நீக்கப் போடும் சுண்ணாம்பு கலந்தால்தான் கடினம் ஏறும் என்றேன். "உனக்கு யார் சொன்னது?" என்றார். "எங்கப்பா உப்புப் போடுறவர் சார்" என்று அத்தனை பேர் முன்னால் சொன்னேன். அந்த அறையில் தனியார் பள்ளிப் பிள்ளைகள் அழகாக அச்சடித்த சார்ட்டுகளோடு நின்றிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களும் உழைத்துத்தான் வந்திருந்தார்கள். ஆனால் அந்தப் பதில் எங்கள் வீட்டில்தான் இருந்தது, அதை அறிவு என்று ஒருவர் எழுதிக்கொண்டார். அடுத்த சுற்றுக்கு எங்களைத் தேர்ந்தெடுக்கவில்லை. எனக்கு அதில் இன்றுவரை வருத்தமில்லை.

உடனே சிலர் "டேனரியை மூடச் சொல்கிறாயா" என்று வருவார்கள். எங்கள் வீட்டில் சோறு வந்ததே அதில்தான். டேனரிக் கழிவுநீருக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் சொன்னதும், மாசுபடுத்துகிறவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்பதைத்தான். தண்ணீரைச் சோதிப்பது தொழிலுக்கு எதிரான வேலை இல்லை. நான் இப்போது செய்வதும் அதே வேலை, ஓர் ஆய்வுக்கூடத்தில். மன்றத்தில் இருந்ததால் வேலை கிடைத்தது என்று சொல்ல மாட்டேன். வேதியியல் பட்டம் வைத்துத்தான் கிடைத்தது. வேதியியல் எடுக்க வேண்டும் என்ற ஆசை மட்டும் அந்தப் பாட்டில்களில் வந்தது.

மதிப்பெண் குறைந்ததா என்றால், இல்லை. பத்தாவதில் மன்றத்துக்கான பாடவேளையைக் கணக்குக்கு எடுத்துக்கொண்டார்கள். விளையாட்டுப் பாடவேளையும் போனது. அதனால் கணக்கில் யாருக்கும் கூடுதலாக வந்ததாக நான் பார்க்கவில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படித்தான் என்று சொல்லவில்லை. உங்கள் மகள் ஏற்கெனவே தேர்ச்சிக்கே தடுமாறுகிறாள் என்றால் யோசிக்க வேண்டியதுதான்.

இன்னொன்று. கேள்விக்கு நேரடியாகச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்லியாக வேண்டும். எங்கள் மன்றத்திலிருந்து பெண் பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றது படிப்பால் இல்லை, பஸ்ஸால். சாயங்காலம் மன்றம் முடிந்து வந்து நின்றால், யூனிபார்மைப் பார்த்ததும் டவுன் பஸ் நிற்காமல் தள்ளிப் போய் நிற்கும், நாங்கள் ஓடிப் போவதற்குள் கிளம்பிவிடும். கையில் பாஸ் இருக்கிறது, டிக்கெட் காசு வராது, அவ்வளவுதான் காரணம். பெங்களூர் ஹைவே ஓரமாக இருட்டில் நடந்து வந்திருக்கிறோம். இலவச சைக்கிள் பதினொன்றாம் வகுப்பில்தான் வரும். எந்தப் பெற்றோர் அனுப்புவார்கள்? இத்தனை மன்றம் தொடங்குகிறார்கள், 2022இலிருந்து அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா, அறிவியலுக்கும் கணக்குக்கும் வானவில் மன்றம் என்று நல்ல விஷயங்கள் வந்திருக்கின்றன. ஆனால் பிள்ளை வீடு திரும்பும் வழியை யாரும் அந்தத் திட்டத்தோடு சேர்த்து யோசிப்பதில்லை. எனக்கு இது இன்றும் ஆறவில்லை.

சரி, உங்கள் விஷயம். ஜூனியர் ரெட் கிராஸ் பத்தாம் வகுப்பு வரைதான். முதலுதவி உண்மையாகக் கற்றுத்தருகிறார்களா, அல்லது விழா நாளில் வரிசையில் நிற்க வைக்கிறார்களா என்று மகளிடம் கேளுங்கள். அறிவியல் மன்றத்தில் இந்த வருஷம் என்ன செய்தார்கள், அவள் கையால் எழுதிய நோட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதில் இருக்கட்டும். என்எஸ்எஸ் (நாட்டு நலப்பணித் திட்டம்) பதினொன்றாம் வகுப்பில் சேரலாம், அவசரமில்லை. மன்றம் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு விடுவார்கள், அப்போது உங்கள் ஊருக்குப் பஸ் உண்டா என்பதை இந்த வாரமே சாரைப் பார்த்துக் கேட்டுவிடுங்கள். பஸ் இல்லையென்றால் சாயங்காலத்துக்குப் பதில் மதிய இடைவேளையில் வைக்க முடியுமா என்று இன்னும் நாலு பெற்றோரைக் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள்.