ரத்தப் பரிசோதனைகூட எடுக்காமல் வீட்டுக்கு அனுப்பியது சரியா?

கேள்வி: நிறைமாதத்தில் பிறந்த என் 4 மாதக் குழந்தை திடீரென்று உதடு நீலம் பாரித்து, மூச்சில்லாமல் துவண்டுபோனாள். அரை நிமிடத்தில் பழையபடி ஆகிவிட்டாள். அவசரச் சிகிச்சைப் பிரிவில் வெகுநேரம் விசாரித்தார்கள். ஈசிஜி மட்டும் எடுத்து, 3 மணி நேரம் வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள். ஸ்கேன் எடுத்திருக்க வேண்டாமா?

பதில்: நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் வேண்டியதில்லை. அந்த விசாரணைதான் முக்கியமான பரிசோதனை. ஒரு வயதுக்குள் இப்படி ஒரு நிமிடத்துக்கும் குறைவாக வந்து, முழுதும் சரியாகி, விசாரித்தும் உடலைச் சோதித்தும் காரணம் பிடிபடாவிட்டால் அதை ‘ப்ரூ’ (BRUE: சட்டென்று வந்து தானே தீர்ந்துவிடும், காரணம் தெரியாத நிகழ்வு) என்பார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி 2016-இல் வகுத்த முறை இது. 60 நாளைத் தாண்டிய குழந்தை, முதல் தடவை, மருத்துவப் பணியாளர் சிபிஆர் (மார்பை அழுத்தி, மூச்சு ஊதும் உயிர்காக்கும் முதலுதவி) கொடுக்க நேரவில்லை, குறைமாதப் பிறப்பும் இல்லை என்றால் ஆபத்து குறைவு. அப்போது ஈசிஜி எடுக்கலாம், தேவைப்பட்டால் கக்குவான் சோதனை செய்யலாம், 1 முதல் 4 மணி நேரம் ஆக்சிஜன் அளவைக் கவனிக்கலாம். ரத்த அணு எண்ணிக்கை, மார்பு எக்ஸ்ரே, மூளை ஸ்கேன் எல்லாம் இங்கே பெரும்பாலும் எதையும் காட்டாது. தற்செயலாகத் தென்படும் சின்ன மாறுதல் ஒன்று வீணாக அட்மிஷன் வரை இழுத்துவிடும். எதுக்களிப்புக்கான அமில மருந்தும் தேவையில்லை.

மருத்துவரிடம் சொல்லாமல் விட்டது ஏதாவது உண்டா என்று யோசியுங்கள். பால் குடித்த கையோடு வந்ததா? நீலம் உதட்டிலா, விரல் நுனியில் மட்டுமா? முகம் சிவந்தது மட்டும் என்றால் அது ப்ரூ ஆகாது. கை கால் வெட்டியதா, கண் மேலே செருகியதா? குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் உண்டா? குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விட்டார்களா, தொண்டையில் ஊதிச் சளி எடுத்தார்களா? பாட்டி கோபித்துக்கொள்வார் என்று இதை மறைப்பவர்கள் நிறைய. எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரலாம்.

மறுபடி வந்தாலோ, காய்ச்சல், விடாத இருமல், பால் குடிக்க மறுப்பு, அசாதாரணத் தூக்கம் இருந்தாலோ உடனே கொண்டுபோங்கள். அடுத்த முறை வந்தால் ஒருவர் குழந்தையைப் பார்க்க, இன்னொருவர் செல்போனில் வீடியோ எடுக்கட்டும். குழந்தையைப் பிடித்து உலுக்காதீர்கள். மூளைக்குள் ரத்தக்கசிவு ஏற்படலாம். உள்ளங்காலைத் தட்டியும் மூச்சு வராவிட்டால் 108-ஐ அழைத்து, சிபிஆர் தொடங்குங்கள். வீட்டில் எல்லோரும் அதை இந்த வாரமே கற்றுக்கொள்ளுங்கள்.